அமெரிக்காவுல டீச்சரா இருக்கும்போது பெரிய வியாதி வந்துட்டா ஸ்டூடன்ட் லோனை என்ன பண்றது?

எங்க அக்கா நியூ ஜெர்சில ஸ்பெஷல் எஜுகேஷன் டீச்சர். அஞ்சு வருஷம் முடிச்சா லோன்ல ஒரு பங்கு தள்ளுபடி ஆகும்னு இருந்தா. அஞ்சாவது வருஷம் ஓடிட்டு இருக்கும்போது கேன்சர்னு சொல்லிட்டாங்க, "இன்னும் நாலு மாசம் தான்டி, அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சே, லோன் தள்ளுபடி போச்சே"ன்னு ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே அழுதா. ஆனா போகல. வியாதியால லீவு எடுத்தாலும் அந்த வருஷத்தைக் கணக்குல சேர்த்துக்க ஒரு ரூல் இருக்கு, அது தெரியாம நாங்க ரெண்டு மாசம் தூங்கல, வேற யாரும் அப்படி கஷ்டப்படக் கூடாதுன்னு தான் எழுதறேன். இதெல்லாம் ஃபெடரல் லோனுக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசோட ஸ்டூடன்ட் லோனுக்கு மட்டும் தான், பேங்க்ல பிரைவேட்டா வாங்கினதுக்கு செல்லாது.

முதல்ல டாக்டர்கிட்ட ஒண்ணு கேளுங்க: திரும்ப வேலைக்குப் போக முடியுமா? வழி அதுல தான் பிரியுது.

போக முடியும்னா டீச்சர் லோன் ஃபர்கிவ்னஸை விட்டுடாதீங்க. வருமானம் கம்மியான ஏரியா ஸ்கூல்னு லிஸ்ட்ல இருக்கற இடத்துல தொடர்ந்து 5 வருஷம் ஃபுல் டைமா இருந்தா, ஹைஸ்கூல் மேத்ஸ், சயின்ஸ், ஸ்பெஷல் எஜுகேஷன் டீச்சருக்கு 17,500 டாலர் வரை, மத்தவங்களுக்கு 5,000 வரை தள்ளுபடி. வியாதி வந்த வருஷத்துல பாதிக்கு மேல வேலை பார்த்திருந்து, லீவு எஃப்எம்எல்ஏ சட்டத்துல (குடும்ப, மருத்துவ லீவுக்கான அமெரிக்க சட்டம்) வர்ற காரணத்துக்காக இருந்து, சம்பள உயர்வு, டென்யூர் (வேலை நிரந்தரம்), பென்ஷன் கணக்குக்கு அந்த வருஷ கான்ட்ராக்ட் முடிஞ்சதா ஸ்கூல் எடுத்துக்கிட்டா அது முழு வருஷமாவே கணக்கு. இதை ஹெச்ஆர்கிட்ட வாய் வார்த்தையா கேட்டுட்டு வந்துடாதீங்க, எழுத்துல வாங்குங்க, லீவு லெட்டர் ஒவ்வொண்ணும் காப்பி எடுத்து வச்சுக்குங்க.

கேன்சர் ட்ரீட்மென்ட்னா தனியா ஒரு டிஃபர்மென்ட் (தவணையைத் தள்ளி வைக்கற வசதி) இருக்கு, ட்ரீட்மென்ட் நடக்கற காலமும் அது முடிஞ்சு 6 மாசமும் தவணை கட்ட வேண்டாம், அரசாங்கமே நேரா குடுக்கற டைரக்ட் லோனுக்கு வட்டியும் ஏறாது. தவணை வசூல் பண்ற கம்பெனி, அதாவது லோன் சர்வீசர்கிட்ட ஃபார்ம் வாங்கி டாக்டர் கையெழுத்தோட குடுக்கணும். கேக்காம சும்மா தவணையை நிறுத்தினா டிஃபால்ட் (லோன் கட்டத் தவறினவர்ங்கற நிலை) ஆயிடும், அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனிமே எந்த வேலையும் பார்க்க முடியாதுன்னா டோட்டல் அண்ட் பெர்மனன்ட் டிசபிலிட்டி டிஸ்சார்ஜ், சுருக்கமா டிபிடி. இதுல 5,000, 17,500ன்னு வரம்பு கிடையாது, பாக்கி முழுசும் போயிடும், டீச் கிராண்ட் (படிச்சு முடிச்சு டீச்சரா வேலை பார்க்கறேன்னு ஒத்துக்கிட்டு வாங்கற அரசு உதவித்தொகை) வாங்கியிருந்தா அந்த சர்வீஸ் கண்டிஷனும் போயிடும். சோஷியல் செக்யூரிட்டி டிசபிலிட்டி (வேலை பார்க்க முடியாதவங்களுக்கு அரசு தர்ற உதவி) பேப்பர் வச்சு அப்ளை பண்ணலாம், முன்னாள் ராணுவத்தினர்னா விஏ (முன்னாள் ராணுவத்தினர் நலத் துறை) பேப்பர், இல்லன்னா டாக்டர் சர்டிஃபிகேட். 2023 ஜூலைல இருந்து நர்ஸ் பிராக்டிஷனர், ஃபிசிஷியன் அசிஸ்டன்ட், லைசென்ஸ் உள்ள சைக்காலஜிஸ்ட் கூட கையெழுத்து போடலாம். வியாதி 60 மாசமா தொடர்ந்து இருக்கு, இல்ல இன்னும் 60 மாசம் இருக்கும், இல்ல உயிருக்கே ஆபத்து, இதுல ஒண்ணாவது தெளிவா எழுதியிருக்கணும். டாக்டர்ஸ் அவசரத்துல சுருக்கெழுத்தும் இன்ஷூரன்ஸ் கோடும் போட்டு குடுத்துடுவாங்க, அங்கயே நின்னு வியாதி பேரும் எதனால வேலை பார்க்க முடியலங்கறதும் முழு வாக்கியமா எழுத சொல்லுங்க. கையெழுத்து போட்ட நாள்ல இருந்து 90 நாளுக்குள்ள அனுப்பணும். அப்ளை பண்ணப் போறேன்னு முதல்லயே சொல்லிட்டா 120 நாள் வரைக்கும் தவணை வசூலை நிறுத்தி வைப்பாங்க, டாக்டர் பின்னாடி அலைய அந்த டைம் ரொம்ப உதவும்.

சோஷியல் செக்யூரிட்டி, டாக்டர் வழில அப்ரூவ் ஆனதுக்கு அப்புறம் 3 வருஷத்துக்குள்ள புதுசா ஃபெடரல் லோனோ டீச் கிராண்டோ வாங்கினா பழைய லோன் திரும்பி வந்துடும். தள்ளுபடி ஆன தொகைக்கு ஃபெடரல் வரி இல்ல, ஆனா ஸ்டேட் வரி ஊருக்கு ஊர் மாறும், உங்க வரி பார்க்கறவர்கிட்ட கேட்டுக்குங்க. ஃபார்ம் எல்லாமே ஸ்டூடன்ட்எய்ட் டாட் கவ் சைட்ல ஃப்ரீ, நாங்க பண்ணித் தர்றோம்னு யாராவது போன்ல காசு கேட்டா உடனே வச்சுடுங்க.