முதலில் கல், அப்புறம் கட்டடம்

பழைய இடங்களுக்குப் போகிறவர்கள் பலர் ராஜா பெயர், வருஷம், நாலு போட்டோ என்று முடித்துக்கொள்கிறார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கல் எங்கிருந்து வந்தது? கிளம்புவதற்கு முன்பே இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டடமும் அது நிற்கும் நிலமும் சேர்ந்தே பிடிபடும். பெருவின் மச்சு பிச்சுவில் கல்குவாரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலுக்கோ பளிங்கு சுமார் 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெண்டெலிகஸ் மலையிலிருந்து வந்தது. அதிலுள்ள இரும்புச் சத்துதான் கோயிலின் பொன்னிறத்துக்குக் காரணம்.

போய்ச் சேர்ந்ததும் தூரத்தில் நின்று பார்ப்பதோடு விடாமல் சுவரருகே போங்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் பழைய கல் நகரமான கிரேட் ஜிம்பாப்வேயின் பெரிய சுற்றுச்சுவர் 11 மீட்டர் வரை உயர்கிறது, சாந்தே இல்லாமல். பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் அங்குள்ள குன்றுகளின் கருங்கல் பாளம் பாளமாக உரியும், அதைத்தான் அடுக்கியிருக்கிறார்கள். வரிசைகள் நூல் பிடித்தாற்போல் ஓடும் இடத்தையும் நெளியும் இடத்தையும் தேடிப் பாருங்கள். கொத்தர்களின் கை அங்கேதான் தெரியும்.

ஜோர்டானின் பெட்ராவுக்கு அரை நாள் போதவே போதாது. சிக் என்ற 1.2 கிலோமீட்டர் மலையிடுக்கில் எல்லோரும் அண்ணாந்தபடி நடப்பார்கள். நீங்கள் பக்கச் சுவர்களைக் கவனியுங்கள். பெட்ராவைக் கட்டிய நபாத்தியர்கள் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால் கூடவே வரும். இடுக்கின் முடிவில் பாறையில் செதுக்கிய கஸ்னே என்ற கட்டட முகப்பின் முன்னால் நின்றதும் இரண்டு ஓரங்களிலும் ஏணிப்படி போலக் குழிகள் மேலேறுவதைப் பாருங்கள். சுமார் 40 மீட்டர் உயரப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். முன்தூண்களில் ஒன்று நெடுங்காலம் இல்லாமலே இருந்தது. 20ஆம் நூற்றாண்டில்தான் திரும்பக் கட்டினார்கள். அதுவரை மேல்தளம் அப்படியே நின்றது. பாரம் தாங்குவது தூண்கள் அல்ல, மலை. எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு. கஸ்னே கிழக்கு பார்த்தது, காலையில் போங்கள். கம்போடியாவின் அங்கோர் வாட் கோயில் மேற்கு பார்த்தது. விடியலில் கூட்டம் அலைமோதும், ஆனால் கோபுரங்களின் நிழலுருவம்தான் கிடைக்கும். பிற்பகலில் மேற்குப் பிராகாரத்துக்குப் போனால் குருக்ஷேத்திரப் போர்ச் சிற்பத்தில் ஒவ்வொரு முகமும் துலங்கும்.

குறிப்பை அங்கேயே உட்கார்ந்து எழுதுங்கள். பலகையில் உள்ள தகவலை அப்புறம்கூடத் தேடிக்கொள்ளலாம். கல்லின் நிறம், உளித்தடம் போகும் திசை, காற்றடிக்கும் பக்கத்தில் அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இவற்றை எழுதுங்கள்.