சோனியா டெலோனே வழியில் ஒரு வண்ணத் துணிச் சதுரம்

1911-இல் பாரிஸில் ஓவியர் சோனியா டெலோனே தன் கைக்குழந்தை ஷார்லுக்கு ஒரு போர்வை தைத்தார். ரஷ்ய கிராமத்து வீடுகளில் கண்டதைப் போலத் துணித் துண்டுகளை இணைத்தார். தைத்து முடித்தபோது அதில், பொருள்களை வடிவியல் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிச ஓவியத்தின் சாயல் தெரிந்தது. அதே முறையைப் பிறகு ஓவியங்களிலும் முயன்றார். நாமும் தாளில் தொடங்கித் துணியில் முடிப்போம்.

முதலில் வண்ணச் சோதனை. இதைத் தவிர்த்துவிட்டுத் தைக்க உட்காராதீர்கள். போஸ்டர் கலரில் கறுப்பையும் வெள்ளையையும் கலந்து ஒரு தாளில் சாம்பல் நிறம் பூசுங்கள். காய்ந்ததும் இரண்டு சிறு சதுரங்கள் வெட்டி, ஒன்றை ஆரஞ்சுத் தாளின் நடுவிலும் மற்றதை நீலத் தாளின் நடுவிலும் வையுங்கள். சற்று நேரம் பாருங்கள். ஆரஞ்சின் மேல் உள்ள சாம்பலில் நீலம் கலந்ததுபோலவும், நீலத்தின் மேல் உள்ளதில் ஆரஞ்சு கலந்ததுபோலவும் தோன்றும்.

இதை விரிவாக ஆராய்ந்தவர் மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நிற்கும் நிறமே காரணம் என்று கண்டறிந்து, 1839-இல் நூலாக வெளியிட்டார். சோனியாவும் அவர் கணவர் ராபர்ட்டும் தங்கள் ஓவியங்களுக்கு இதையே அடிப்படையாகக் கொண்டனர். நெசவுக்கூடத்தில் பிறந்த அறிவு ஓவியத்துக்குப் போய்த் துணிக்கே திரும்பியது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

அடுத்து, 24 செ.மீ. சதுரத் தாளில் 6 செ.மீ. கட்டங்கள் 16 வரையுங்கள். சிலவற்றை மூலைக்கு மூலை கோடிட்டு முக்கோணங்களாக்குங்கள். வண்ணம் தீட்டிய தாள் துண்டுகளை அவற்றின் மேல் வைத்து, இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். தனியாக அழகாக இருந்த நிறம் அண்டை நிறத்தோடு சோர்ந்துபோனால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். சோனியாவின் புகழ்பெற்ற வட்டங்களை ஓவியத்தில் முயலலாம். துணியில் வளைவைத் தைப்பது கடினம், நேர்கோடுகளே போதும்.

துணிகள் ஒரே கனமுள்ள பருத்தியாக இருக்கட்டும். முன்பே துவைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகச் சிவப்பு சாயம் விடக்கூடும். ஒவ்வொரு துண்டையும், தாளில் உள்ள அளவைவிட எல்லாப் பக்கங்களிலும் தையலுக்காக 6 மி.மீ. கூடுதலாக வெட்டுங்கள்.

முக்கோணங்களை முதலில் இணைத்துச் சதுரமாக்குங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுங்கள். பிறகு வரிசை வரிசையாகத் தைத்து, கடைசியில் வரிசைகளை ஒன்றுசேருங்கள். ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் உள்மடிப்பை (தையலுக்காக விட்ட கூடுதல் துணியை) கருநிறத் துணியின் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வெளிர்நிறத்தின் பக்கம் சாய்ந்தால் அடியிலுள்ள கருமை வெளியே தெரியும்.