பம்ப் கூட்டின் நீர்வழிக்குள் எழுந்த இரும்பு வரிகளை நிறுத்தியது எப்படி

கோயம்புத்தூரில் பம்ப்செட்டுக்கான சாம்பல் வார்ப்பிரும்பு வார்க்கும் பவுண்டரியில், கூட்டின் நீர்வழிக்குள் மெல்லிய தகடு போன்ற இரும்பு வரிகள் தொடர்ந்து எழுந்துகொண்டிருந்தன. வெளிப்புறமாக இருந்தால் கிரைண்டரால் தேய்த்துவிடலாம். கை நுழையாத உள்வளைவில் அவை அப்படியே நின்று, நீரோட்டத்தைக் கலைத்து, பம்பின் திறனைக் குறைக்கும்.

கூடு ஒன்றை அறுத்துப் பார்த்தபோது, உலோகம் தடித்திருந்த உள்மூலையில் மட்டுமே வரிகள் இருந்தன. சிலிக்கா மணலில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியசில் படிக அமைப்பு மாறித் திடீரென விரிவதால், கோரின் (நீர்வழிக்கான வெற்றிடத்தை உண்டாக்க அச்சுக்குள் வைக்கும், ரெசின் பசையால் இறுகிய மணல் கட்டி) மேற்பரப்பு வெடித்து, அந்த வெடிப்புக்குள் உருகிய இரும்பு புகுந்துவிடுகிறது. கோரின் மேல் பூசும் கோட்டிங்கைத் தடிப்பாக்கியதில் பலனில்லை. விரிவது மணல் என்பதால் பூச்சும் சேர்ந்தே வெடித்தது.

ஆகவே அந்த மூலைக்கு மட்டும் விரிவு மிகக் குறைந்த குரோமைட் மணலை வைத்து, மீதிக் கோரைப் பல சல்லடை அளவுகள் கலந்த சிலிக்காவில் எடுத்தோம். வரிகள் நின்றன; மூலையில் மணல் ஒட்டுவதும் நன்றாகக் குறைந்தது. முழுக் கோரையும் குரோமைட்டில் செய்ய நான் சொல்லமாட்டேன். விலை ஒருபுறமிருக்க, அது வெப்பத்தை விரைவாக இழுப்பதால் மெல்லிய சுவர்களில் இரும்பு மிகக் கடினமான வெள்ளை வார்ப்பிரும்பாக இறுகி, கடைசலில் டூல் முனையைத் தின்றுவிடும். மணலை மீட்டுப் பயன்படுத்துவோர் குரோமைட்டைத் தனியே பிரித்தெடுப்பது அவசியம். சிலிக்காவோடு அது கலந்தால் மணலின் வெப்பந்தாங்கும் திறன் குறைகிறது.