சின்ன கான்செப்ட் கார்: ஸ்கேலும் டயரும்

இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனமான பெர்டோனேவில் மார்ச்செல்லோ கந்தினி வடிவமைத்து 1970-இல் வெளிவந்த லான்சியா ஸ்ட்ராடோஸ் ஜீரோ என்ற கான்செப்ட் காரின் (கண்காட்சிக்கான மாதிரிக் கார்) உயரம் வெறும் 84 செ.மீ.! இதன் 1:43 மாடல் (அசலில் 43-இல் ஒரு பங்கு அளவுள்ள சிறு கார்) வாங்கும்போது ஸ்கேலை வைத்துப் பாருங்கள்: உயரம் 19.5 மி.மீ., நீளம் 83 மி.மீ. வர வேண்டும். உயரம் 2 மி.மீ. கூடினாலே அந்த ஆப்பு வடிவத்தின் அழகு போய்விடும்.

வாங்கியபின் கவனம் டயரில் இருக்கட்டும். மென்மையான பிவிசி டயரில் கலந்திருக்கும் இளக்கி (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் வேதிப்பொருள்) மெல்லக் கசிந்து, மாடல் நிற்கும் பிளாஸ்டிக் தட்டை இளக வைக்கும். டயர் பள்ளம் பதித்து ஒட்டிக்கொள்ளும். வண்டியின் அடிப்பகுதிக்குக் கீழே சிறு மரத்துண்டு கொடுத்து, சக்கரம் தட்டைத் தொடாதபடி அரை மி.மீ. உயர்த்தி வையுங்கள். ரெசின் (வார்ப்புப் பிசின்) மாடலை வெயில் விழும் ஜன்னலருகே வைக்கவே வேண்டாம். சூட்டில் வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு.