மூன்று துளைகளை நம்பி ஏமாறாதீர்கள்: தொலைதூர இலக்குக்குத் தோட்டா நிரப்புவோர் செய்யும் தவறுகள்

என் மேஜை டிராயரில் ஒரு பழைய இலக்கு அட்டை இருக்கிறது. 100 கெஜத்தில் சுட்ட மூன்று குண்டுகளும் ஏறத்தாழ ஒரே துளையில் போயிருக்கும். அன்றைக்கே ‘இதுதான் சரியான அளவு’ என்று முடிவு கட்டி, அதே வெடிமருந்தளவில் நூறு தோட்டாக்களை நிரப்பி வைத்தேன். அடுத்த வாரம் பத்துக் குண்டுகள் சுட்டதும் குரூப் (துளைகளின் கூட்டம்) இரண்டு மடங்குக்கு மேல் விரிந்துவிட்டது. துப்பாக்கியும் அதேதான், தோட்டாவும் அதேதான். முதல் நாள் எனக்கு அதிர்ஷ்டம் அடித்திருந்தது, அவ்வளவுதான்.

கையால் தோட்டா நிரப்புவதில் நடக்கும் மற்ற தவறுகளைவிட இதுதான் அதிகமான மருந்தையும் குழலின் ஆயுளையும் வீணாக்குகிறது. கணக்கு எளியது. ஒரே மாதிரி நிரப்பிய தோட்டாக்களைச் சுட்டாலும், குண்டின் அதிகபட்ச வேகத்துக்கும் குறைந்தபட்ச வேகத்துக்கும் உள்ள இடைவெளி, சுடும் எண்ணிக்கை கூடக் கூடப் பெரிதாகும். மூன்று குண்டுகளில் அது சராசரியாகத் திட்ட விலக்கத்தைப் (வேகங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) போல 1.7 மடங்கு, பத்துக் குண்டுகளில் 3.1 மடங்கு. அதாவது, மூன்று குண்டுகளில் நொடிக்கு 15 அடி வித்தியாசம் காட்டும் தோட்டாவும், பத்துக் குண்டுகளில் 27 அடி காட்டும் தோட்டாவும் ஒரே தரத்தில் இருக்கலாம். ஐந்து குண்டுகளில், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் திட்ட விலக்கத்தை 10 என்று காட்டினால், உண்மையான மதிப்பு 6-க்கும் 29-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த எண்ணை வைத்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்களில் எது நல்லது என்று தீர்ப்புச் சொல்வது வெறும் ஊகம்.

‘ஏணிச் சோதனை’யிலும் இதே பொறிதான். மருந்தை 0.2 கிரெயின், 0.2 கிரெயினாக (கிரெயின் என்பது சிறு எடை அலகு) கூட்டி, ஒவ்வொரு அளவிலும் ஒரு குண்டு சுட்டு, வேகம் கூடாமல் சமமாக நிற்கும் இடத்தைத் தேடுகிறோம். தேடினால் கட்டாயம் கிடைக்கும். சிதறலுள்ள எந்த எண் வரிசையிலும் இப்படிச் சமதளங்கள் தானாகத் தோன்றும். இன்னொரு நாள் அதே சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள். சமதளம் வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தால், அது முதலிலிருந்தே இல்லாத ஒன்று.

சரி, என்ன செய்யலாம்? பத்து அளவுகளில் மூன்று மூன்றாகச் சுடுவதற்குப் பதில், இரண்டு மூன்று அளவுகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் பத்துக்குக் குறையாமல் சுடுங்கள். இருபது இன்னும் நல்லது. ஒரே மூச்சில் ஒரு அளவை முடித்துவிடாமல் மாற்றி மாற்றிச் சுட்டால், குழலின் சூடும் காற்றும் எல்லா அளவுகளுக்கும் பொதுவாகப் போய்ச் சேரும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். மருந்தையும், பித்தளைக் குப்பிக்குள் குண்டை அமர்த்தும் ஆழத்தையும் சேர்த்து மாற்றினால், எதனால் குரூப் சுருங்கியது என்று பிறகு சொல்லவே முடியாது.

100 கெஜத்தோடு நிறுத்திக்கொள்வதும் தவறுதான். நொடிக்கு சுமார் 2700 அடி வேகத்தில் 140 கிரெயின் குண்டைச் செலுத்தும் 6.5 கிரீட்மூர் என்ற தோட்டாவில், 10 அடி வேக வித்தியாசம் 1000 கெஜத்தில் இரண்டு மூன்று அங்குல ஏற்ற இறக்கமாக மாறும். 100 கெஜத்தில் அது கண்ணுக்கே தெரியாது. தூரத்தில் சோதிக்கும்போது செங்குத்துச் சிதறலை மட்டும் பாருங்கள். கிடைமட்டச் சிதறலில் பெரும்பங்கு காற்றுடையது.

அடுத்தது பாதுகாப்பு. இதில் மட்டும் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. கார் டயரில் இருப்பது இரண்டு மூன்று பார் அழுத்தம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு சிஐபி (தோட்டாக்களுக்கான சர்வதேசத் தர அமைப்பு) அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 4150 பார். வேறொருவர் துப்பாக்கியில் ஒத்துவந்த உச்ச அளவிலிருந்து நீங்கள் தொடங்கக் கூடாது. வெளியிடப்பட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் மேலே ஏற வேண்டும். குண்டு, குப்பி, பிரைமர், மருந்தின் தொகுதி எண் என எது மாறினாலும் மறுபடி கீழே இறங்கித் தொடங்குங்கள். போல்ட் (குழலின் பின்புறத்தை மூடும் தாழ்) இறுக்கமாகத் திறந்தாலோ, குப்பியின் அடிப்பகுதியில் அதை வெளியே தள்ளும் எஜெக்டரின் தடம் பளபளத்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். அழுத்தம் மிகுந்ததன் அறிகுறியாகப் பிரைமர் தட்டையாவதை மட்டும் நம்ப முடியாது. குளிர்காலத்தில் உச்சத்துக்குப் பக்கமாக வைத்த அளவு கடும் வெயிலில் எல்லை தாண்டக்கூடும். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கலாம்.

சுட்ட குப்பியை மறுபடி அளவுபடுத்தும்போது அதன் தோளை (கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவை) அளவுக்கு மீறிப் பின்தள்ளுவது புதியவர்களிடம் சகஜம். போல்ட் ரைபிளுக்கு 0.001 அல்லது 0.002 அங்குலம் போதும். அதற்கு மேல் தள்ளினால் ஒவ்வொரு சுடுதலிலும் பித்தளை நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். குப்பி அந்த இடத்தில் அறுந்துவிடலாம், அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தோட்டாவின் நீளத்தைக் குண்டின் கூர்முனையிலிருந்து அளப்பதும் வீண்வேலை. ஒரே பெட்டியில்கூட முனைகள் சமமாக இருப்பதில்லை. கம்பாரேட்டர் என்ற அளவு கருவியை வைத்து, குண்டின் வளைந்த பகுதியான ஓஜைவிலிருந்து அளக்க வேண்டும். மின்னணுத் தராசைச் சூடேற விட்டு, மின்விசிறியை நிறுத்தி, நடுநடுவே எடைக்கல்லால் சரிபாருங்கள். ஒரு கிரெயின் என்பதே 0.0648 கிராம்தான்.

அப்புறம், குரூப் திடீரென்று விரிந்தால் உடனே மருந்தளவில் கை வைக்காதீர்கள். முதலில் ஸ்கோப் வளையங்களின் திருகுகளையும், துப்பாக்கியின் இயக்கப் பகுதியைக் கட்டையோடு பிணைக்கும் ஆக்‌ஷன் திருகுகளையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். பிறகு பாரலாக்ஸ் (கண் நகரும்போது ஸ்கோப்பின் குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகர்வது). அதன்பின் இதே ரைபிளில் நன்றாகச் சுட்டதாகக் குறித்துவைத்த தொழிற்சாலைத் தோட்டா ஒரு பெட்டி. அதுவும் சிதறினால் கோளாறு ரைபிளில், அல்லது அதன் பின்னால் படுத்திருப்பவரிடம்.