இரு அணி மல்யுத்த முடிவுகளைக் கொண்டு தரவரிசையைக் கணிப்பது எப்படி?

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் மல்யுத்தம் பழகும் மாணவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளின் இரு அணி மோதல் முடிவுகளைப் படிக்கும்போது, அணிகளின் மொத்தப் புள்ளியை ஒதுக்கிவிட்டு, 125 முதல் 285 பவுண்டு வரையுள்ள 10 எடைப் பிரிவுகளையும் தனித்தனியே நோக்க வேண்டும். ஏனெனில் தேசியப் போட்டியின் மோதல் அட்டவணையை அமைக்கப் பயன்படும் தரவரிசை இடம் வீரருக்கே வழங்கப்படுகிறது, அணிக்கு அன்று.

சாதாரண வெற்றிக்கு 3, எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்திப் பெறும் வெற்றிக்கு 6 என்பன அணிக்கான புள்ளிகள். எதிராளி களமிறங்காததால் கிடைக்கும் 6 புள்ளி வீரரின் திறமைக்குச் சான்றாகாது என்பதைக் குறிப்பாக வலியுறுத்துகிறேன்.

ஒரு நோட்டில் பிரிவுக்கொரு பக்கம் ஒதுக்கி, யார் யாரை எந்தத் தேதியில் வென்றார் என எழுதுங்கள். தரவரிசையில் நேருக்கு நேர் முடிவே முதன்மையானது. இருவரும் மோதியிராவிட்டால், இருவருமே சந்தித்த பொது எதிராளிகளிடம் அவரவர் பெற்ற முடிவுகளை ஒப்பிடுங்கள். வலிமையான ஒருவரை வென்றது, எளிய எதிராளிகளை அடுக்கடுக்காக வென்றதைவிடப் பெரிது. ஜனவரியில் வரைந்த வரிசை, மார்ச் மாதத் தகுதிப் போட்டிகளில் தலைகீழாகலாம் என்பதால் பென்சிலால் எழுதுவதே நல்லது.

நெல்லை வட்டாரக் கல்லூரிப் போட்டிகளில் எடை கிலோவில் இருந்தாலும் இதே நோட்டு முறை பயன்படும்.