வெர்சோவா படகில் சூடேறிய பேட்டரி வயர்

தாராவி அண்ணாச்சி ஒருவர் மும்பைக் கடலோரத்து வெர்சோவாவில் 48 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்னப் படகு வைத்திருக்கிறார். வேகம் கூட்டினால் மோட்டார் திணறுகிறது, பேட்டரிப் பெட்டியில் கருகும் வாடை வருகிறது என்று கூப்பிட்டார்.

மெயின் சுவிட்சை அணைத்து, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கை வைத்தேன். பாசிட்டிவ் வயரின் நுனியில் பேட்டரியோடு இணைக்கும் உலோக வளையமான லக்கைக் கழற்றினால் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக்காற்று செம்பை அரித்த அடையாளம். இணைப்பில் 0.01 ஓம் தடை கூடினாலே போதும், 60 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே இடத்தில் 36 வாட் சூடு கிளம்பும். இன்சுலேஷன் இளகாமல் என்ன செய்யும்?

வயர் உள்ளுக்குள்ளும் கருத்திருந்ததால் வெள்ளீயம் பூசிய செம்பு வயரையே புதிதாகப் போட்டேன். லக்கை வயரோடு நசுக்கி இறுக்கி (கிரிம்ப் செய்து), சூடு காட்டினால் சுருங்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினேன்.

ஃபியூஸ் மோட்டார் பக்கம் இருந்தது. எனக்கு அதுதான் பெரிய பயம். நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸ் போகவே போகாது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் டிசி, அதாவது பேட்டரி தரும் நேர்திசை மின்சாரத்துக்கான ஃபியூஸ் ஒன்று வைத்தேன். வீட்டு மின்சாரத்துக்கான (மாறுதிசை, ஏசி) ஃபியூஸ் இதற்கு ஆகாது, டிசி பொறி லேசில் அணையாது.

அப்புறம் முழு வேகத்தில் ஓட்டி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பிடித்துப் பார்த்தோம். லக்கும் வயரும் ஒரே சூட்டில் இருந்தன. "மழைக்காலம் முடிந்ததும் எல்லா நட்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.